திட்டினால் தூங்குகிறவர்

குழம்பில் உப்பு இல்லை என்று என் புருஷன் சொன்ன அன்றைக்குத்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. உப்பு இருந்தது. அவரே தட்டை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு, கை கழுவி, பாயில் காலை நீட்டி, விளக்கையும் அணைத்த பிறகு சொல்கிறார், உப்பு இல்லையாம். சாப்பிடும்போதே சொன்னால் ஒரு கல் உப்பை எடுத்துப் போட்டிருக்க மாட்டேனா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எட்டாங்கட்டைத் தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. நான் மறைத்ததும் இல்லை. "ஏன்யா, நாக்கு செத்துப் போச்சா ஒனக்கு?" என்று எடுத்தேன். இருட்டோடு எழுந்து போய்ப் பட்டை கீறி ரப்பர் மரம் வெட்டி, வடிந்த பாலைச் சுமந்து, வந்து அடுப்பை மூட்டி வடித்துக் கொட்டினால் கிடைக்கிற மரியாதை இதுதானா என்று கேட்டேன். செத்துப்போன மாமியார் வரைக்கும் போனேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது குறட்டை கேட்டது.

மறுநாள் ஈரத் துண்டைச் சுருட்டி என் தலையணைமேல் வைத்திருந்தார். அதற்கும் மறுநாள், என் தம்பி ஒரு சோம்பேறி என்றார். என் தம்பி சோம்பேறிதான், ஆனால் அதை நான்தான் சொல்லலாம். எல்லாமே விளக்கணைத்த பிறகு. நான் பொரிந்து தள்ளுவேன். அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். காலையில் ஒன்றுமே நடக்காதது போலத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு ஆலைக்குப் போவார். மழை பெய்கிற ராத்திரிகளில் மட்டும் சீண்டல் கிடையாது. தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட அவர் பாட்டுக்குத் தூங்குவார். மழைக்கும் என் பிறந்த வீட்டுக் குறைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என் புருஷன் முருகையா அப்படிப்பட்ட ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் எதிரே குரலை உயர்த்தியதில்லை, வாயில்லாப் பூச்சி. ஆலையில் எஞ்சின் ஓட்டுகிற வேலை. ரப்பர் பாலைக் கட்டியாக்கித் தகடாக இழுக்கிற மெசின்கள் எல்லாம் அந்த எஞ்சினை நம்பித்தான் ஓடின. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்த மனிதர் ஏன் வலிய வந்து வம்புக்கு இழுக்கிறார்? யாராவது மருந்து வைத்துவிட்டார்களா? என்மேல் சலிப்புத் தட்டிவிட்டதா? கோயில் விபூதியைத் தேத்தண்ணியில் கலந்துகூடக் கொடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி, தேத்தண்ணியில் மண் வாடை அடித்தது என்று சொல்லி அதற்கும் ஒரு சண்டை மூட்டினார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு நடுவே இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குமேல் திறந்து கிடக்கும். ஒரு வீட்டுப் பிள்ளை தும்மினால் நாலாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். ஆகவே நான் திட்டியது எங்கள் இரண்டு பேரோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்கா, பிள்ளைகுட்டிக்காரி, நல்லசாமி கங்காணியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

வேறு வருஷமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அது ரப்பர் விலை அடியோடு விழுந்த வருஷம். பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டிருந்தார்கள். வாராவாரம் யாராவது மூட்டை கட்டிக்கொண்டு தம்பின் பட்டணத்து ரயிலடிக்கு நடந்தார்கள். அங்கிருந்து துறைமுகம், கப்பல், ஊர். யாரை அனுப்பலாம் என்று தொரையிடம் சொல்பவர் கங்காணி. நோயாளிகள் முதலில், சண்டைக்காரர்கள் அடுத்து. ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலமோ கூரையோ கிடையாது, வா என்று சொல்ல ஆளும் கிடையாது. கப்பலேறினால் பிச்சைதான்.

மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. கங்காணி பெஞ்சில் உட்கார்ந்தார், ஆண்கள் சுற்றிலும் குந்தினார்கள், பெண்கள் நாங்கள் தள்ளி நின்றோம். "முருகையா, ஒம் பொண்டாட்டி மேல பிராது என்னா?" என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். பேசாமல் இருப்பவன்தான் அடிபட்டவன் என்று சபை முடிவு கட்டிவிட்டது.

"முத்தாயி, இனிமே வெளக்கணைச்சப்புறம் ஒஞ் சத்தம் வெளிய வரப்படாது. வந்துச்சு, ரெண்டு பேருக்கும் சீட்டக் கிழிச்சிருவேன்," என்றார் கங்காணி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று முதல் வாயைத் தைத்துக்கொண்டேன். ராத்திரியானால் என் புருஷன், என் தம்பி, என் அக்கா, என் அப்பா என்று என் பரம்பரையையே இழுத்தார், நான் பேசவில்லை. கடைசியில் இருட்டில் என் தோளைத் தொட்டு, "ஏ புள்ள, எதாச்சும் சொல்லேன்," என்று கெஞ்சினார். திட்டு வாங்குவதற்குக் கெஞ்சுகிற ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். கீழே ஒரு தகரத் தட்டு. ராத்திரி முழுக்க டொக், டொக் என்று ஒரே சத்தம். "இது என்னாத்துக்கு?" என்றேன். "கோழிக்குத் தண்ணி," என்றார். எங்களிடம் கோழியே கிடையாது. இன்னொரு பக்கத்து வீட்டில் இருந்த தண்டல், மரம் வெட்டுகிற எங்களை மேய்க்கிறவர், சுவரைக் குத்தி, "எவண்டா அவன் மத்தளம் அடிக்கிறவன்?" என்று கத்தினார். தகரத்தைக் கழற்றிவிட்டு இவர் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

நான் வாயை மூடினால் அவருக்கு நிம்மதி வர வேண்டும்தானே. வரவில்லை. கண் குழி விழுந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, தம் பேர் வந்தது தெரியாமல் நின்றார். அந்த வாரமே ஆலையிலிருந்து ஆள் ஓடி வந்தது. எஞ்சின் பெல்ட் பக்கத்தில் நின்றவருக்குக் கண் சொருகி, கை உள்ளே போக இருந்ததாம். சட்டைக் கை கிழிந்ததோடு தப்பித்தாராம். திட்டினால் அது குற்றம், திட்டாவிட்டால் இப்படி. நான் என்னதான் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக் காணவில்லை. "ஒம் புருசன் லீவு நாளானா ஆத்துப் பக்கம் போறாரே, அங்க என்னா வேலையாம்?" என்று மயிலம்மாள் அக்கா குழாயடியில் ஒரு மாதிரி இழுத்தாள். எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. பொம்பளை விவகாரம்! சீண்டல், சலிப்பு, தூக்கமில்லாத கண் எல்லாம் அதற்குள் கச்சிதமாகப் பொருந்தியது. மழையும் கோழியும் மட்டும் பொருந்தவில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஆலைக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றை மறித்துக் கட்டியிருந்தார்கள். அணையைத் தாண்டித் தண்ணீர் பாறைமேல் விழுகிற இடத்தில் எந்தப் பொம்பளையும் இல்லை. என் புருஷன் மட்டும் துண்டை விரித்து, வாயைத் திறந்துகொண்டு, கைக்குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சல் அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. விளக்குமாற்றால் காலில் தட்டி எழுப்பினேன்.

"எவ அவ?" என்று கத்தினேன்.

"எவளும் இல்ல புள்ள."

"அப்ப இங்க என்னா வேலை ஒனக்கு?"

சுற்றுமுற்றும் பார்த்தார். என் காதருகே வந்து அவரும் கத்தித்தான் சொன்னார். தண்ணீர் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"காதுக்குள்ள எஞ்சின் ஓடுது முத்தாயி. ஆலைய மூடினாலும் இது நிக்க மாட்டேங்குது. பகல்ல தெரியல, வெளக்க அணைச்சு லயம் அடங்கினா வந்துருது. மொதல்ல சில்வண்டுன்னு நெனச்சேன். அப்புறம், காய்ச்சலுக்குக் குடுத்த கொய்னா மருந்து பண்ற வேலைன்னு நெனச்சேன். இப்ப ஒண்ணும் வெளங்கல. அது வெளிய கேக்குதா, எனக்குள்ள கேக்குதான்னே தெரியல."

"இத வீட்ல சொல்றதுக்கு என்னா?"

"எந்த வீட்ல? அந்தப் பக்கம் மயிலம்மா, இந்தப் பக்கம் தண்டலு. எஞ்சின்காரனுக்குக் காது கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த கப்பல் நமக்குத்தான். நீ திட்டுனா அது அமுங்கிப் போவுது புள்ள. மழை பேஞ்சாலும் அமுங்கும். மழைய நான் எங்க போயிக் கூப்பிடுவேன்?"

அவர் பட்ட பாடு புரிந்தது, ஆனால் வேறொன்று குத்தியது.

"அப்ப நான் பேசினது ஒண்ணுமே ஒங் காதுல ஏறலையா?"

பொய் சொல்ல வராத மனிதர். "சத்தந்தான் கேக்கும்," என்றார்.

என் பாடு, என் இடுப்பு வலி, என் மனக்குறை என்று ராத்திரி ராத்திரியாகக் கொட்டியதெல்லாம் இந்த ஆளுக்கு வெறும் தண்ணீர் விழுகிற சத்தமாக இருந்திருக்கிறது. கட்டிக்கொண்டு அழுவதா, விளக்குமாற்றைத் திருப்பிப் பிடிப்பதா? தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தோம். திட்டினால் நான் சண்டைக்காரி, கப்பல். திட்டாவிட்டால் ஒருநாள் அந்த எஞ்சின் அவர் கையை வாங்கிவிடும், அப்போதும் கப்பல். புருஷனுக்குக் குறை என்று வைத்துத்தானே தீர்ப்புச் சொன்னார்கள். புருஷனே எனக்குக் குறையில்லை என்று சபையில் சொல்லிவிட்டால்? "நீதான்யா பேசணும்," என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. ஆம்பளைகள் நடுவில் அதைச் சொல்வது லேசுப்பட்ட காரியமா?

ஆனாலும் வெற்றிலை பாக்கோடு அவரே போய்ப் பஞ்சாயத்தைக் கூட்டினார். எழுந்து நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"எம் பொண்டாட்டி என்னயத் திட்டட்டுங்க. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல. அவ திட்டலன்னாத்தான் எனக்குச் சரிப்பட்டு வரலைங்க."

அப்படிச் சிரித்தார்கள் பாருங்கள்! "வேட்டிய அவுத்துட்டுச் சேலையக் கட்டிக்கடா முருகையா!" என்றான் ஒருவன். கங்காணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. என் புருஷன் அசையவில்லை. எனக்கு அந்தக் கூட்டத்தில் புகுந்து ஒவ்வொருத்தனையும் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மயிலம்மா, நீ என்னா சொல்றே? பக்கத்து வீடு நீதானே," என்றார் கங்காணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"என்னமோ பண்ணிக்கிடட்டும். ஆனா கெட்ட வார்த்தை ஆகாது, எம் புள்ளைங்க கேட்டுக் கத்துக்குதுங்க. செத்தவங்களயும் இழுக்கப்படாது."

அதுவே தீர்ப்பானது.

அன்றைக்கு விளக்கை அணைத்தேன். அவர் காத்திருந்தார். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கெட்ட வார்த்தை கூடாது, மாமியாரைத் தொடக் கூடாது. மிச்சமிருந்த கோபமும் சபையில் அவர் நின்ற நிலையைப் பார்த்ததோடு போய்விட்டது. கோபமே இல்லாமல் எப்படித் திட்டுவது? குரல் பழையபடி இருக்கட்டும், வாயில் வருவது வரட்டும் என்று ஆரம்பித்தேன்.

"ஏன்யா, அறிவிருக்கா ஒனக்கு? பெல்ட்டு ஒங் கைய இழுத்திருந்தா நான் என்னா ஆவேன்னு நெனச்சியா? அத்தன பேரு சிரிக்கச் சிரிக்க நிக்கிறியே, ஒன்ன யாருய்யா அப்பிடி நிக்கச் சொன்னா? கப்பல்ல ஏத்துனா நீ மட்டும் தனியாப் போயிரலாம்னு பாக்கறியா? ஒனக்கு முன்னாடி நான் ஏறி ஒக்காந்திருப்பேன், தெரிஞ்சுக்க. ஒன்ன விட்டுட்டு நான் எங்கய்யா போவேன், பாவி மனுசா..."

கண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது. நிறுத்தினால் அவர் விழித்துக்கொள்வார். அதனால் அழுதுகொண்டே, சத்தம் குறையாமல், திட்டிக்கொண்டே இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்ல வெட்கப்பட்டு அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குத் திட்டித் தீர்த்தேன். எந்த இடத்தில் அவர் தூங்கிப்போனார் என்று தெரியாது.

காலையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிய முகம். ஏதாவது காதில் விழுந்ததா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கூச்சமாக இருந்தது. அவர் பாட்டுக்குக் குடித்துவிட்டு ஆலைக்குப் போனார்.

குழாயடியில் மயிலம்மாள் அக்கா வாளியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி முத்தாயி, நேத்து ராத்திரி பேசுனியே, அது திட்டுதானா?"

"திட்டுதான்க்கா," என்றேன்.

அவள் வாளி நிறைந்து வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"எம் புருசன் என்னய ஒருநாகூட இப்பிடித் திட்டுனதில்லடி," என்றாள்.