கலஹா மிளகும் கடல் வாணிபமும்

கண்டி இராசதானியின் பொற்காலம் அன்று காலை ஒன்பது மணிக்கு மீண்டும் தொடங்கியது என்றும், இனி மாகாணம் உலகத்தோடு நேரடியாக வணிகம் பேசும் என்றும் வரவேற்புரையில் சொன்னார்கள். முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்டது. மைக் வேலை செய்யவில்லை.

இது தொண்ணூற்று நான்கில். விழாவை நடத்தியது மாகாண உலக வர்த்தக மேம்பாட்டுப் பிரிவு. மூன்று மொழிகளிலும் எழுதிய அதன் பெயர்ப்பலகை அலுவலகத்தைவிட அகலம். குத்துவிளக்கைப் பதினான்கு பிரமுகர்கள் ஏற்றினார்கள், திரி ஐந்துதான்.

விளைபொருள் காட்சியின் கடைசி மேசையருகில், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ரத்தினம்மா, ஒரு தட்டு மிளகோடு நின்றாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சவுக்கு மரங்களில் தானே ஏற்றிவிட்ட கொடியில் காய்த்தது. மகள் தமயந்தியின் பாஸ்போர்ட் தயாராகிவிட்டது. குவைத்தில் வீட்டு வேலை. மிளகுக்கு ஒரு வழி பிறந்தால் அவள் போகவேண்டியதில்லை.

பிரிவின் அதிகாரி முத்துலிங்கம், போட்டோக்காரரோடும் ஒரு படிவத்தோடும் வந்தார்.

"பேர்?"

"ரத்தினம்மாங்க."

"என்ன செய்யிறியள்?"

"கொழுந்து எடுக்கிறேங்க."

"ஓம், ஓம். அதை நான் பாத்து எழுதுறன்."

அவளைக் கதிரையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு டெலிபோனை வைத்துப் படம் பிடித்தார்கள். டெலிபோனுக்கு வயர் இல்லை.

"இந்தப் படத்தோட புத்தகம் ஜெர்மனிக்குப் போகும், அம்மா. ஓடர் கடிதம் நேரே உங்கட தோட்டத்து விலாசத்துக்கு வரும்."

அன்று பின்னேரம் கலஹா பஸ்ஸில் ரத்தினம்மா யார்மீதும் இடிபடாமல் மிடுக்காக நிற்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கடுதாசி வந்தா நீ போக வேணாம்டி," என்றாள் லயத்துக்கு வந்ததும் மகளிடம்.

"வராட்டி?"

"வரும். போட்டோல்லாம் புடிச்சிருக்காங்க."

"ஆமா, போட்டோ புடிச்சா போதும். எனக்குந்தான் பாஸ்போர்ட்டுக்குப் புடிச்சாங்க."

குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தைப்பொங்கல்வரை தவணை கொடுத்தான்.

தோட்டத்தில் தபால் வீட்டுக்கு வருவதில்லை. எல்லாம் ஆபீசுக்குப் போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கிளாக்கர் பெயர் வாசித்துக் கொடுப்பார். கேட்பாரில்லாத கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ரத்தினம்மா நான்கு மாதம் முன்வரிசையில் நின்றாள். அவள் பெயர் ஒரே தடவைதான் வந்தது. மஸ்கெலியாவில் தங்கை மகளுக்குச் சடங்கு.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் தமயந்தி புறப்பட்டாள். "அங்க ரசம் வைக்க மிளகு கெடைக்குமோ என்னமோ," என்று ஒரு பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். வேன் பேராதனைப் பக்கம் இறங்கும்வரை கையைக் காட்டினாள். மாகாணத்திலிருந்து அந்த வருடம் கடல் கடந்த கலஹா மிளகு அந்தப் பொட்டலம்தான்.

மாசியில் ரத்தினம்மா கண்டிக்குப் போய் அலுவலகப் படியேறினாள். முத்துலிங்கம் எழும்பாமலே சத்தம் போட்டார்.

"என்ன அம்மா நீங்கள்! ஜெர்மன்காரன் நாலு கடிதம் போட்டிருக்கிறான். கிழமைக்கு ஐம்பது கிலோ கேட்டவன். நாலும் அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு திரும்பிப் போயிருக்குது. மாகாணத்தின்ர மானமே போச்சு."

"எம் பேருக்கு ஒண்ணும் வரலீங்களே, ஐயா."

அவர் அலுமாரியைத் திறந்து பளபளப்பான புத்தகத்தை எடுத்து விரித்தார். டெலிபோனோடு அவள். கீழே ஆங்கிலத்தில் ஏதோ.

"என்னங்க எழுதியிருக்கு?"

"மிஸிஸ் ரத்னாதேவி, மனேஜிங் டிரெக்டர், ரோயல் கண்டி ஸ்பைசஸ் இன்டர்நெஷனல்." வாசிக்கும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "கொழுந்து எடுக்கிற ஆள் எண்டு போட்டால் அவன் மதிப்பானே? உங்கட நன்மைக்குத்தான் மாத்தினனான்."



அந்தப் பெயரைக் கிளாக்கர் பிரட்டில் நான்கு காலைகள் சத்தமாக வாசித்திருந்தார். "இது எந்தச் சீமாட்டிங்க, நம்ம லயத்துலயா குடியிருக்கா?" என்று முதல் நாளே கேட்டு அத்தனை பேரையும் சிரிக்கவைத்தவள் ரத்தினம்மா.