அணைக்கக் கூடாத கார்

டாக்சி டிரைவரின் மகள் பிறந்த நாளிலிருந்து அவருடைய கார் இன்ஜினை யாரும் அணைத்ததில்லை. அணைத்தால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பின்சீட்டிலேயே பிறந்தவள் அவள். வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பியதும் அழுகை பாதியில் அறுந்தது, உதடு நீலம் பாரித்தது. பதற்றத்தில் அவர் மறுபடி இன்ஜினைக் கிளப்ப, குழந்தை விட்ட இடத்திலிருந்து அழுதது. டாக்டர் நம்பாமல் இன்னொரு முறை அணைத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கடுத்த முறைக்குத் தாய் சம்மதிக்கவில்லை. "பெட்ரோல் தீராம பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அதற்கு மேல் வைத்தியம் அவருக்கும் தெரியவில்லை.

கார் எங்கே இருந்தாலும் சரி, ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டதால் பிழைப்புக்குப் பங்கமில்லை. சவாரிக்கு வந்தவர்கள் கடைக்குள் போய் ஆற அமரத் திரும்பும்வரை டிரைவர் உறுமும் வண்டியில் உட்கார்ந்திருந்தார். காசைக் கரியாக்குகிற மனுஷன் என்று பேர் வாங்கினார். இரவில் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். புகை உள்ளே வரக் கூடாதென்று புகைக்குழாயோடு ஒரு தகரக் குழாயை மாட்டிக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தார். தெருவுக்கு முதலில் தூக்கம் கெட்டது. பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்றானது.

தெருக்கோடியில் கல் உடைக்கும் ஆலை வந்தபோது கவலை இரட்டிப்பானது. காற்றெல்லாம் வெள்ளைத் தூசி. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் திணறும், பிள்ளைக்கு இழுப்பு வரும். தையல்காரியான மனைவி மெல்லிய துணியில் ஃபில்டருக்கு உறை தைத்து நாள் தவறாமல் அலசிப் போட்டாள். ஃபில்டரை இன்ஜின் ஓடும்போதே மாற்றிவிடலாம்; மாற்றுகிற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளை அடுக்கடுக்காகத் தும்முவாள், அவ்வளவுதான். காற்றுக்கு இப்படி வழி கண்டார்கள். ஆயிலுக்குத்தான் வழியில்லை. பழைய ஆயிலை இறக்க வேண்டுமானால் இன்ஜினை அணைத்தாக வேண்டும். டிரைவர் அணைக்கவில்லை. ஓடுகிற இன்ஜினின் மூடியைத் திறந்து, சூடான துளிகள் முழங்கையில் தெறிக்கத் தெறிக்க, குறைந்ததை மேலே மேலே ஊற்றினார், அதுவும் கடையில் இருப்பதிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து. நல்லதை ஊற்றினால் கெட்டது தன்னால் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார். பெற்ற மனசு, வேறென்ன செய்யும்?

மகள் தாவணி வயதைத் தொடுகையில் இன்ஜின் தட்டத் தொடங்கியது. டக், டக் என்று உலோகச் சத்தம். டாக்டர் பிள்ளையின் மார்பில் குழாயை வைத்துவிட்டு, உள்ளேயிருந்தும் அதே சத்தம் வருவதாகச் சொன்னார். மனைவியின் அண்ணன் மெக்கானிக். அவர் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுகோலை உருவி, நுனியில் ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்ள, இது ஆயில் இல்ல, தார். ரோடு போடலாம்."

"இன்னும் கொஞ்சம் நல்ல ஆயிலா ஊத்தினா?"

"சாக்கடையில பன்னீர் ஊத்தினா குடிப்பீங்களா? பழச இறக்கணும். இப்படியே விட்டா ஜாம் ஆயிடும். ஜாம் ஆனா அப்புறம் ஜென்மத்துக்கும் கிளம்பாது."

அணைத்தால் உடனே சாவு, அணைக்காவிட்டால் கொஞ்சம் தள்ளிச் சாவு. டிரைவர் அன்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

முடிவெடுத்தது மகள்தான். "நான் மூச்சப் பிடிச்சுக்கறேன் மாமா, நீங்க சீக்கிரமா மாத்துங்க" என்றாள். அண்டாத் தண்ணீரில் முகத்தை அமிழ்த்திப் பழகினாள். அவள் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதெல்லாம் வாசலில் இன்ஜின் சத்தம் இறங்கி, குலுங்கி, நிற்கப் போவதுபோல் ஆகும். மனைவி இதைக் கவனித்துக் கணவரிடம் சொன்னாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று அவர் வேறு பெட்ரோல் பங்க்குக்கு மாறினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்சக்கரங்களைச் சரிவுப் பலகையில் ஏற்றினார்கள். புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், புது ஏர் ஃபில்டர், எல்லாம் எட்டும் தூரத்தில். மெக்கானிக் அடியில் படுத்துக்கொண்டு குரல் கொடுத்தார். டிரைவரின் கை சாவிக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. மகள் ஜன்னல் வழியே கைவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, தானே சாவியைத் திருப்பினாள்.

சத்தம் நின்றதும் தெருவே வெளியே வந்தது. ஆயில் இறங்க மாட்டேன் என்றது. கட்டி கட்டியாக, சோம்பலாக வழிந்தது. "வாடா, வாடா" என்று அடியில் மெக்கானிக் அதனோடு மல்லுக்கட்டினார். மனைவி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆலைப் பக்கமே பார்த்தபடி நின்றாள், முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ஒருவழியாக ஆயில் இறங்கிய துளையின் மறையை முடுக்கி, ஃபில்டரை மாட்டி, புது ஆயிலை ஊற்றி, "போடு மாப்ள!" என்று கத்தினார் மெக்கானிக்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். அந்த டிக்கும் இல்லை.

பேட்டரி. இத்தனை வருஷம் அணைக்காத வண்டியை யாரும் கிளப்ப வேண்டியிருக்கவில்லை. பேட்டரி எப்போது செத்ததென்று யாருக்கும் தெரியாது. ஆயிலுக்கும் காற்றுக்கும் உயிரை விட்டவர்கள் அதை மறந்தே போனார்கள். டிரைவர் பானெட்டை அறைந்தார், தெய்வங்களைத் திட்டினார், "தள்ளுங்கப்பா, யாராவது தள்ளுங்க" என்று கதறினார். பத்துக் கைகள் வண்டியில் விழுந்தன. மகளின் உதடு நீலமானது, முழங்கால் மடங்கியது, இதற்கு மேல் முடியாமல் வாய் தானாகத் திறந்தது.

அவள் மூச்சை இழுத்தாள். மூச்சு உள்ளே போனது. அடுத்த கணம் இன்ஜின் கிளம்பியது, வெண்ணெய்போல, தட்டல் இல்லாமல். சாவி டிரைவரின் கையில் இருந்தது. பதற்றத்தில் எப்போதோ உருவியிருக்கிறார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, கோளாறு பெட்ரோல்ல இல்லன்னு" என்றாள் மனைவி, தரையில் உட்கார்ந்தபடி.

அதற்குப் பிறகு அந்தக் காருக்குச் சாவி தேவைப்படவில்லை. மகள் படியேறினால் வாசலில் வண்டி உறுமும், அவள் தூங்கினால் முணுமுணுக்கும். பெட்ரோல் மட்டும் பழையபடியே குடித்தது. படித்து, வேலை கிடைத்து, அவள் தொலைவான ஒரு நகரத்துக்குப் போய்விட்டாள். டிரைவர் சவாரியை விட்டுவிட்டார். வண்டிச் சத்தத்தைக் கேட்டபடி வாசலில் உட்கார்ந்திருப்பார். சத்தம் கொஞ்சம் பிசிறினாலும் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார், அப்போதும் மனசு ஆறாவிட்டால் ஃபோன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆயில் மாற்றும் நாளில் அவளே கூப்பிடுவாள். "ரெடியாப்பா?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள், வாசலில் வண்டி அடங்கும். மச்சானுக்கு இப்போது கை பழகிவிட்டது. அந்த நேரம் முழுக்க டிரைவரும் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டியதும், "விடும்மா" என்பார். வண்டி கிளம்பும்.