விளக்குக்கு ஒரு புள்ளி போதும்

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் குகையை மூடப்போகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை நடத்தும் நிறுவனம் இதை முன்கூட்டியே அறிவித்துவிட்டது. வரைபடத்தில் அந்தப் பழைய மூலை இனி இருக்காது. அதற்குள் ஒரு தடவையாவது குகையைக் கடந்து, அந்தப் பக்கம் இருக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அவள் டென்டல் லேபில் பல் கேப் செய்கிறவள். மெழுகில் கடைவாய்ப் பல்லைச் செதுக்கும்போது ஓர் இழை கூடினாலும் வாய் சரியாக மூடாது. விளையாட்டிலும் அதே கைதான். நான்கு பேர் கொண்ட அவர்கள் கூட்டத்தில் யாருடைய புள்ளி எதற்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள். லெவல் ஏறும்போது புள்ளிகள் கிடைக்கும். வாள், கேடயம், வில், எதில் வேண்டுமானாலும் போடலாம். போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது.

அதனால் ஒரு வருடமாக யாரையும் புள்ளியில் கை வைக்க அவள் விடவில்லை. சேர்த்ததையெல்லாம் கடைசி நாளில் மொத்தமாக இறக்குவது திட்டம். குகைக்குள் கல்லன் என்று ஒருவன் இருந்தான். இருட்டிலிருந்து ஒரு முஷ்டி வரும், ஆள் காலி. அதற்கு மேல் அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை. அவள் கணவன் கேடயத்தோடு முஷ்டியைத் தாங்க வேண்டும். அவள் தம்பி தூரத்தில் நின்று அம்பு விட வேண்டும். அவளும் நாத்தனாரும் வாளோடு ஓட வேண்டும்.

ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்தாள். கணவனுடையது பழசு, அதன் விசிறி கிரைண்டர் மாதிரி இரைந்தது. வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பியின் குரல் ஹெட்செட்டில் வந்தது. நாத்தனார் தன் பார்லரில், வாடிக்கையாளர் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு பேசினாள்.

"எல்லாரும் பாயிண்ட் போட்டாச்சா?"

"மொத்தமும் வில்லுல போட்டுட்டேன் அக்கா," என்றான் தம்பி.

"நான் இன்னும் இல்ல அண்ணி. நெயில் பாலிஷ் காயல," என்றாள் நாத்தனார்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

அவன் காதைச் சொறிந்தான். "போட்டுட்டேன்."

"கேடயம்தானே?"

"லைட்டு."

"விளக்கா? எத்தனை?"

"எல்லாம்."

விளக்குக்கு ஒரு புள்ளி போதும். அந்த விளையாட்டின் அரிச்சுவடி அது. ஒரு புள்ளியில் காலடி தெரியும். காலடி தெரிந்தால் ஓடலாம். அதற்கு மேல் விளக்கில் போட்டவர்கள் உண்டு என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அவன் ரயில் சுரங்கப்பாதைகளில் மின்சார வேலை பார்க்கிறவன். முன்னால் போகிற ஆள் "லைட்டு வந்தாச்சு" என்று குரல் கொடுக்காமல் அங்கே வேலையாட்கள் ஒருவரும் உள்ளே கால் வைப்பதில்லை.

"ஒவ்வொரு தடவையும் கும்மிருட்டுல ஓட வைக்கிற. எனக்கு உள்ளங்கால் கூசுது," என்றான். "லைட்டுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அழுத்தினேன். அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போச்சு."

"ஏறிக்கிட்டே போனா நிறுத்த மாட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் நல்லாத் தெரியுமேன்னு..."

"பால் வாங்க அனுப்பினா பல்பு வாங்கிட்டு வர்ற ஆளு அண்ணி எங்க அண்ணன்," என்றாள் நாத்தனார்.

"கல்லன் அடிக்க வந்தா என்ன மாமா செய்வீங்க?" என்றான் தம்பி. "கண்ணு கூசுதான்னு கேப்பீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"திட்டிடு," என்றான் கணவன். "இப்படி இருக்காத."

"திட்ட நேரமில்ல. வாங்க, வாசல் வரைக்குமாவது போவோம்."

எப்போதும் ஓடித்தான் குகைக்குள் நுழைவார்கள். இன்று திட்டம் இல்லாததால் நடந்தார்கள். வாயில் அருகே, திரையில் கணவனின் ஆள், கேடயமும் கையுமாக, நின்றுவிட்டான்.

"இருங்க," என்று கணவன் ஒரு பொத்தானை அழுத்தினான். பிறகு வேலைத்தளத்தில் சொல்கிற அதே குரலில் சொன்னான். "லைட்டு வந்தாச்சு."

முதலில் தரை தெரிந்தது. சரளைக்கல் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்கள். சரளை இல்லை, செதில். தரை முழுக்க மீன்கள் செதுக்கப்பட்டிருந்தன, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, எல்லாம் ஒரே திசையில். இதன் மேல்தான் அவள் ஓடி ஓடிச் செத்திருக்கிறாள்.

மீன்கள் போன திசையில் ஒரு பாதம் இருந்தது.

பெருவிரல் நகம் மட்டுமே அவள் ஆளைவிட உயரம். அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். நகத்தில் நீளவாக்கில் வரிகள். ஒரு வரியில் சின்ன விரிசல், விரிசலுக்குள் பாசி. இப்படி ஒரு வரியை இயந்திரம் போடாது. யாரோ உட்கார்ந்து, கையால் போட்டது. வெளிச்சம் கணுக்காலோடு நின்றுவிட்டது.

"இது..." என்றாள் நாத்தனார்.

"கல்லன்," என்றான் தம்பி. "ஏன் அடிக்கல?"

"நாம ஓடலையே," என்றான் கணவன்.

மணி ஐந்தரை தாண்டியிருந்தது.

"அக்கா, இன்னும் ஒரு வழி இருக்கு," என்றான் தம்பி. "மாமா ஒரே அடியில போயிடுவார். ஆனா அடி விழுற அந்த நேரத்துல நீங்க ரெண்டு பேரும் ஓடினீங்கன்னா ஒருத்தராவது கதவைத் தொட்டுடலாம். உன் பாயிண்ட்ட இப்பவே வாள்ல போடு."

அவன் சொன்னது சரி. அவளும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வாள் என்ற கட்டத்தின் மேல் அம்புக்குறி நின்றது. கணுக்காலுக்கு மேலே இருட்டு.

அவள் அம்புக்குறியை நகர்த்தி, விளக்கில் ஒரு புள்ளி போட்டாள்.

வெளிச்சம் ஒரு முழம் ஏறியது. கணுக்கால் எலும்பு புடைத்துத் தெரிந்தது. இன்னொன்று. இன்னொன்று.

"அக்கா, என்ன செய்யற?"

அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. முழங்கால், அதன் மடிப்பில் உலர்ந்த கொடி. தொடை. தொடையோடு ஒட்டித் தொங்கிய முஷ்டி, விரல் கணுக்கள் தேய்ந்து வழுவழுத்திருந்தன. இடுப்பு. மார்பு. அங்கே அவள் புள்ளிகள் தீர்ந்தன.

ஹெட்செட்டில் நாத்தனார் நகத்தை ஊதும் சத்தம் கேட்டது.

"அண்ணி," என்றாள் கடைசியில். "நகம் காஞ்சிருச்சு."

நாத்தனாரின் புள்ளிகளும் விளக்கில் இறங்க, வெளிச்சம் மேலே போனது.

கல்லன் அவர்களைப் பார்க்கவே இல்லை. முகத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கை தலைக்கு மேலே நீண்டிருந்தது. உள்ளங்கை கூரையில் பதிந்திருந்தது. கூரையின் வெடிப்புகள் எல்லாம் அந்தக் கையை நோக்கி ஓடிவந்து, அங்கே நின்றிருந்தன.

"ஒரு கையால மலையைத் தாங்கிக்கிட்டு," என்றான் தம்பி மெதுவாக, "இன்னொரு கையாலயா நம்மள அடிச்சான்?"

"நாம அவனைக் கொன்னிருந்தா?" என்றாள் நாத்தனார்.

கணவன் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

கூரை முழுக்கப் பறவைகள் தீட்டப்பட்டிருந்தன. வெளிச்சம் ஆட ஆட இறக்கைகள் அசைவதுபோல் இருந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அவள் தேடிப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கும் கோடு போடுகிறவள் அவள், அது யார் கண்ணிலும் படாது. ஆனால் இது ஒரு வானம். எவனோ, எவளோ, ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஒரு புள்ளி விளக்கோடுதான் வருவார்கள் என்று தெரிந்தே வரைந்திருக்கிறார்கள்.

வெளிச்சம் தீர்ந்த இடத்திலும் கூரை தீரவில்லை.

"எங்கிட்டதான் ஒண்ணும் இல்ல," என்றான் தம்பி. "வெறும் அம்பு."

"தீ அம்பு இருக்கா?"

"இருக்கு. எதைக் குறி பார்க்கறது?"

"எதையும் பார்க்காத. உள்ளே விடு. எவ்வளவு தூரம் போகுமோ போகட்டும்."

"விட்டா என்ன நஷ்டம் அக்கா? எங்க பட்டாலும் அம்பு தானா திரும்பி வந்துரும்," என்று அவன் நாணை இழுத்தான். ஒரு வருடத்துப் புள்ளிகளும் அந்த வில்லில் இருந்தன.

அம்பு கல்லனின் தோளைத் தாண்டிப் போனது. அதன் சின்னத் தீயில் ஒரு பறவை தெரிந்து மறைந்தது, அடுத்தது தெரிந்தது, அதற்கடுத்தது. சிவப்புப் பறவைகள் முடிந்து நீலப் பறவைகள் வந்தன. கதவு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. யாரும் அதைத் தேடவில்லை. தீ பொட்டளவானது, பிறகு ஊசி முனையளவானது. அப்போதும் அதன் மேலே ஏதோ ஓர் இறக்கை இருந்தது.

மணி ஆறு. திரை வெள்ளையானது.

அடுத்த கணம் நால்வரும் சந்தைத் திடலில் நின்றார்கள். பளீரென்ற பகல். மூன்று பேர் கையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாளும் கவசமுமாகப் போன ஒருவன் நின்று, "நீங்க மூணு பேரும் கரண்ட் ஆபீஸா?" என்று எழுதிவிட்டுப் போனான்.

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா," என்றான் தம்பி.

"சொல்லு."

"இரு, மறுபடி எண்ணிக்கிறேன்." அவன் மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. "ஒரு அம்பு குறையுது. இன்னும் திரும்பி வரல."