பதினாலா, பதினாறா

1

இந்தக் கதை ஒரு கணினிக் கடையில், என் முதுகுக்குப் பின்னால் பிறந்தது. பாண்டுங் நகரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். கைப்பேசியின் கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டு, அடுக்கிய பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் இரண்டு பெண்குரல்கள். முகம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முகம் வந்துவிட்டால் எனக்குப் பேச்சு நின்றுபோகும்.

“பதினாலா, பதினாறாக்கா?”

“பதினாலு போதும்.”

அவ்வளவுதான் கேட்டேன். ஆனால் அந்தப் ‘போதும்’ என்னை விடவில்லை. அக்கறையில் சொல்லும் போதும் வேறு. இது பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துச் சொல்கிற போதும்.

(இளையவள் ‘தெத்தே’ என்றுதான் கூப்பிட்டாள். என் காதில் அக்கா என்று விழுந்தது. அப்படியே எழுதுகிறேன். இனி வரும் பெயர்கள், குளம், மீன் எல்லாம் நான் வைத்தவை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘நஸ்திதி நல்ல பெண். தங்கை வெனிங்குக்கும் தன் கல்லூரியிலேயே, தன் கட்டடக்கலைப் பிரிவிலேயே இடம் கிடைத்ததும், மகிழ்ச்சியில் அவள்—’

அடித்துவிட்டேன். மகிழ்ச்சியில் இருப்பவள் பதினாலு போதும் என்று அந்தக் குரலில் சொல்ல மாட்டாள்.

இரண்டாவது தொடக்கம்: ‘சொந்த ஊரான காருத்தில் அப்பா மீன்குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டார்.’

இது நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால் வளர்ந்த கெண்டையும் குராமியும் மொத்தமாக வியாபாரியின் வண்டியில் ஏறின. வெனிங்குக்குப் புது லேப்டாப் வேண்டுமே. நஸ்திதியோ சித்தப்பா மகன் கழித்துக் கட்டியதை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டினாள். கீல் உடைந்து, திரைக்குப் பின்னால் தரையில் பதிக்கும் ஓடு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டு மாடி வரை வரையலாம். மூன்றாவது மாடியை ஏற்றினால் உறைந்துவிடும். மீதியை முடிக்கத் தோழிகளின் அறைக்கதவைத் தட்டி, “கொஞ்சம் குடேன்” என்று நிற்க வேண்டும். இப்போது இறுதியாண்டு வந்துவிட்டது. அவள் வரைய வேண்டியது ஒரு முழுப் பேருந்து நிலையம்.

நஸ்திதியும் அப்பாவும் தொலைபேசியில் பேசினார்கள்.

“எனக்கு ஒரு மீனக்கூட விக்கலியேப்பா.”

“அப்ப எல்லாம் குஞ்சும்மா, யாரு வாங்குவா? நீ கெட்டிக்காரி, எத வச்சும் சமாளிச்சிடுவ. சின்னவளுக்கு அது வராது. நீதான் கூடப் போயி நல்லதாப் பாத்து வாங்கிக் குடுக்கணும். நீ சொல்றதுதான் முடிவு.”

(வீட்டில் ஒருத்தியைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டால் அவளுக்கு வேறெதுவும் வாங்கித் தர வேண்டியதில்லை.)

3

கடை மேசைமேல் இரண்டு லேப்டாப்கள் இருந்தன. பதினாலு அங்குலம் ஒன்று, வெள்ளை, பீங்கான் தட்டு போல மெலிசு. மற்றது பதினாறு. கறுப்பு, தடிமன், சார்ஜரே ஒரு செங்கல். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பணத்தின்மேல் பழியைப் போட நஸ்திதிக்கு வழியில்லை.

வெனிங் கறுப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

“சீனியர்லாம் பெருசுதான் வாங்கச் சொல்றாங்கக்கா. கட்டடத்துக்கு வெளிச்சம், நிழல்லாம் போட்டுப் படம் எடுக்கணும்னா தனியா கிராபிக்ஸ் கார்டு வேணுமாமே?”

“சீனியர்லாம் வந்து உன் பையத் தூக்குவாங்களா? தினம் மேட்டுல ஏறணும்டி. இத முதுகுல கட்டிக்கிட்டு வாடகை பைக்ல பின்னாடி உக்காந்தேன்னு வையி, முன்சக்கரம் தூக்கிக்கும்.”

“அவ்ளோ கனமாவா இருக்கு?”

“அடுப்பு மாதிரி சுடும் வேற. நம்ம ரூம்ல இதையும் ரைஸ் குக்கரையும் ஒண்ணாப் போட்டா மொத்த வீட்டுக்கும் கரண்டு போயிடும்.”

“அப்ப சோறா படிப்பான்னு முடிவு பண்ணணும்.”

“நீ எதச் சொல்லுவன்னு ஊருக்கே தெரியும்.”

வெனிங் சிரித்தாள். கடைக்காரர் அலியோங் எட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் அவர் ‘கோ’, அண்ணன்.

“வெள்ள அழகுதான் பாப்பா. ஆனா அதுல மெமரி எட்டு ஜிபிதான், போர்டோட ஒட்டினது. பின்னாடி கூட்ட முடியாது. என்ன படிக்கப் போற?”

“கட்டட—”

“மொத வருஷம் பூராக் கையாலதான் வரையணும், கோ,” என்று நஸ்திதி குறுக்கே விழுந்தாள். “அவளுக்கு இது போதும்.”

“சரிதான். லேப்டாப் பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? மழை விடறதுக்குள்ள சொல்லிடுங்கம்மா.”

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. தெரிந்தே செய்கிறாளா?

[முந்தைய படி: ‘நஸ்திதிக்குக் கணினி பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அவளது தவறு—’ கருணைதான் இது. ஆனால் மட்டமான கருணை. உறைந்த திரையின் முன்னால் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதென்றால் யாருக்குத் தெரியும்?]

தெரியும். ஒட்டிவைத்த எட்டு என்றால் என்ன என்று கடைக்காரரைவிட அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் மூன்றாவது மாடியில் வெனிங்கின் திரையும் நின்றுபோகும். வெனிங்கும் கதவு கதவாகத் தட்டுவாள். தட்டட்டுமே.

அவள் சொன்னவற்றை மறுபடி படித்துப் பாருங்கள், பொய் ஒன்றுகூட இல்லை. கனம் உண்மை. சூடு உண்மை. கரண்டு போவது சத்தியம். பொறாமைக்காரருக்குப் பொய் எதற்கு? எந்த உண்மையைச் சொல்வது, எதை விழுங்குவது என்று பொறுக்கத் தெரிந்தால் ஆயிற்று. குளத்து மீன் முழுதையும் வேறு ஒருத்திக்கு வடித்துக் கொடுத்தால் நானும் பொறுக்கியிருப்பேன். நீங்களும்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

5

வெள்ளையே என்று முடிவானது. அலியோங் உள்ளேயிருந்து புதுப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சின்னக் கத்தியையும் வைத்தார்.

“நாடாவ உங்க கையால அறுங்க. அறுத்தா மாத்தித் தர மாட்டேன். அப்புறம் வந்து அழக் கூடாது.”

வெனிங் கத்தியை எடுத்தாள். எடுத்து அக்காவின் பக்கம் நீட்டினாள்.

“நீ அறுக்கா.”

“எனக்கெதுக்கு? உன்னுது.”

“இந்த வருஷம் உன்னுது. பஸ் ஸ்டாண்ட இதுல முடி.”

“என்னடி உளர்ற?”

“உளறல. கிளம்பும்போதே அப்பாகிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. மொத வருஷம் கையாலதான் வரையணும்னு நீயே இப்ப சொல்லிட்ட. உன் பழைய டப்பா எனக்குப் போதும். அடுத்த வருஷம் மாத்திக்கலாம். அதான் எதுன்னாலும் நீயே பாத்து எடுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

நஸ்திதி கத்தியை வாங்கிக்கொண்டாள்.

“வாயில கொழுக்கட்டையா? அறுக்கா!”

6

எழுதி வைத்திருக்கும் முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

ஒன்று. “வேணாம், கறுப்பே எடுத்துக்கலாம்” என்கிறாள். வெனிங் கேட்பாள்: “எனக்கு நல்லதுன்ன. உனக்குன்னதும் மாத்துறியே?” அவள் முட்டாளல்ல, அன்பானவள். இரண்டையும் குழப்பிக்கொள்வது அக்காமார்கள்தான். இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுத எவ்வளவோ முயன்றேன். எந்தப் பதிலிலும் நஸ்திதி முழுசாகத் தெரிந்துவிடுகிறாள்.

இரண்டு. பேசாமல் அறுக்கிறாள். பேருந்து நிலையம் பாதியில் உறைய, வினையை அனுபவிக்கிறாள். படித்துக் காட்டிய இடத்தில் எல்லோரும் நல்ல நீதி என்றார்கள். கிழித்துப் போட்டேன். வருடம் முடிந்ததும் அந்த வெள்ளைத் தட்டு யாரிடம் போகும்? மீதிப் படிப்பு முழுவதும் அதில் மாட்டிக்கொண்டு அழப்போவது வெனிங்.

மூன்று. சரியாக அந்த நேரத்தில் அப்பாவின் அழைப்பு. அல்லது கடைக்காரர் தானாகவே— இல்லை. அது கதை எழுதுகிறவர் செய்யும் திருட்டு.

இன்னொன்றையும் மறைக்க முடியவில்லை. கத்தியை வாங்கியபோது நஸ்திதிக்கு அழுகை வந்தது என்று எழுதி, ‘குற்ற உணர்வில்’ என்று சேர்த்திருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். அது பொறாமைதான், முன்னைவிட அதிகம். இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாகக் கொடுக்க வருகிறது? மீனையும் வாங்கிக்கொண்டாள், மனசையும் இவளே வைத்துக்கொண்டாளே!

கத்திமுனை நாடாமேல் இருக்கிறது, இன்னும் அழுத்தவில்லை. அலியோங் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். வெனிங் கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராக, “அக்கா, இங்க பாரு” என்கிறாள். நஸ்திதி நிமிர்ந்து பார்க்கிறாள். வாய் திறக்கிறாள்.

எழுதுகிறவள் பக்கத்தில் இருந்தால் அவள் சொல்ல மாட்டாள் போலிருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன். மேற்கோள் குறியைத் திறந்தே வைத்துப் போகிறேன். மூடுவது உங்கள் பாடு.

நஸ்திதி சொன்னாள்: “