முப்பத்தெட்டு நிமிடங்கள்

சொலிசிற்றர் ரஞ்சனா அந்தத் தாளை எமில்டாவின் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பழைய போன் பில். ஒரு வரியில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. மின்சாரக் கம்பனியின் இலக்கம், ஜூலை பதின்மூன்று, பகல் ஒன்று பத்து, முப்பத்தெட்டு நிமிடம்.

"பிறேமினிதான் இதைத் தேடி எடுத்தவ, அன்ரி. கொப்பு வயரில முட்டுதெண்டு ஒருத்தரும் தங்களுக்கு அறிவிக்கேல்லை எண்டுதானே கம்பனி இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருக்கு. இப்ப இது இருக்கு. முப்பத்தெட்டு நிமிஷம் ஆரும் சும்மா லைனில நிண்டிருக்க மாட்டினம்."

பிறேமினி தாயின் கையை ஒருதரம் அழுத்தினாள். பார்மசியில் லீவு கேட்டுவிட்டு வந்திருந்தாள். தகப்பன் இறந்தபிறகு அவளுடைய லீவுகள் எல்லாம் வால்தம்ஸ்டோவில், போன் கடைக்கு மேலே இருந்த இந்தச் சின்ன ஒபிஸிலேயே கழிந்தன.

அவர்களுடைய வீடு கிழக்கு லண்டனின் விளிம்பில், புல்வெளிக்கு முதுகு காட்டி நின்ற பதினொரு வீடுகளில் ஒன்று. மூன்று கிழமையாக மழையில்லாமல் புல் வைக்கோலாகிக் கிடந்த ஒரு மத்தியானம், மின்கம்பியில் உரசிக்கொண்டிருந்த மரக்கொப்பிலிருந்து நெருப்புப்பொறி விழுந்தது. வேலிகள் பற்றின, பிறகு கூரைகள். எமில்டா முதியோர் இல்லத்தில் ஷிப்டில் நின்றாள். வீட்டில் தனியே இருந்த அவள் கணவர் யாக்கோப்பு ஓடித் தப்பாமல் தோட்டக் குழாயை இழுத்து வேலிக்குத் தண்ணீர் அடித்திருக்கிறார். பின்கதவடியில் கிடந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை, புகைதான் என்றார்கள்.

கட்டடத்துக்குக் காப்புறுதி இருந்தது. மனிதருக்கு இருக்கவில்லை. அவர் இறந்ததற்கு நட்டஈடு பெற இரண்டு வழிதான் என்று ரஞ்சனா முதல் நாளே சொல்லியிருந்தாள். கம்பனி தன் பிழையை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்துக்காக என்று நீட்டும் தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். போட்டால் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. அல்லது கவனயீனம் என்று கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு, கம்பனிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று காட்டவேண்டும். இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். இரண்டரை வருடம் போய்விட்டது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், எடுத்தவர் ஆம்பிளையோ பொம்பிளையோ, ஞாபகம் உள்ளதை மட்டும் சொல்லுங்கோ. நான் எழுதுறன். கீழ, இது உண்மையெண்டு கையெழுத்து வைக்கவேணும்," என்றாள் ரஞ்சனா.

எமில்டா மஞ்சள் வரியைப் பார்த்தாள். அன்றைக்கு, முதியோர் இல்லத்தில் வேலையாட்கள் சாப்பிடும் ஸ்ராவ் ரூம், மைக்ரோவேவில் யாரோ சூடாக்கிய மீன் மணம், ஒரே பாட்டு, இடையிடையே உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல். சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனைக் காதில் வைத்தபடி இருந்தாள். பதினான்காம் அறையின் மணி அடித்தது. போனை வைத்துவிட்டு ஓடினாள். நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தாள். நாளைக்கு டபிள் ஷிப்ட்.

அன்றைக்குப் பின்னேரம் யாக்கோப்பு பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி வந்து வைத்திருந்தார்.

"சொன்னனீரோ?" என்று கேட்டார்.

அவளுக்குக் கால் கடுத்தது. "ஓம், சொன்னனான். வந்து வெட்டுவினமாம். நீங்கள் அதில கைவைக்காதேங்கோ, கறண்ட் அடிக்கும்."

அவர் ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆறு நாள் கழித்துத்தான் நெருப்பு.

"ஒருத்தரும் எடுக்கேல்லை," என்றாள் எமில்டா.

ரஞ்சனாவின் பேனை நின்றது. "விளங்கேல்லை, அன்ரி."

"பாட்டுத்தான் போனது. ஒருத்தரும் எடுக்கேல்லை. நான் வைச்சிட்டன். பிறகு எடுக்கவும் இல்லை."

"நோ," என்றாள் பிறேமினி. "அம்மா, நீங்கள் மறந்துபோனீங்கள். நீங்கள் சொன்னனீங்கள். அப்பா எனக்கு போனில சொன்னவர். அம்மா கதைச்சிட்டா, அவை வருவினமாமெண்டு. அந்தக் கிழமை முழுக்க அவர் அவை வருவினமெண்டுதான் இருந்தவர்."

"ஓம், அப்பிடித்தான் இருந்தவர்."

"அப்ப?"

"நான் அவருக்குப் பொய் சொன்னனான், பிள்ளை."

கீழே போன் கடையில் யாரோ ரிங்டோன்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். பிறேமினி தாயின் கையிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரஞ்சனா மெல்லத்தான் கதைத்தாள். முப்பத்தெட்டு நிமிடம் ஒருவரும் எடுக்காததையும் கோர்ட்டில் சொல்லலாம். ஆனால் சொல்லாத முறைப்பாட்டைக் கம்பனி தெரிந்து வைத்திருந்தது என்று வாதாட ஏலாது. "பரிஸ்டரிட்டக் கேக்கிறன். அநேகமா அவை தாறதை எடுக்கச் சொல்லித்தான் சொல்லுவார். உண்மையைத்தான் எழுதவேணும், அன்ரி. நீங்கள் சொன்னது சரி." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவள் பிறேமினியைப் பார்க்கவில்லை.

வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம் வந்தது. கணவருக்குச் சொன்ன பொய்யையும் போடவேண்டுமா என்று ரஞ்சனா கேட்டாள். எமில்டா போடச் சொன்னாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்து, கையெழுத்து வைத்தாள்.

வெளியே நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. பிறேமினி பத்தடி முன்னால் நடந்தாள். பஸ் வந்ததும் கார்டைத் தட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் மேல்தட்டுக்கு ஏறிப்போனாள். எமில்டாவுக்கு முழங்கால் வருத்தம். தாயோடு வரும்போது அவள் ஒருநாளும் மேலே ஏறியதில்லை.

கீழே இருக்க இடமிருந்தது. எமில்டா படிக்கட்டின் அடியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு சின்னத் திரையில் பஸ்ஸின் கமராப் படங்கள் ஒன்று மாறி ஒன்று வந்தன. முன்கதவு. நடுக்கதவு. பிறகு மேல்தட்டு: வெறும் இருக்கைகள், முன்வரிசையில் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒரு பெண். அழுகிறாளா, வீதியைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அதற்குள் படம் மாறியது. முன்கதவு, நடுக்கதவு, கீழ்த்தட்டு. அதில் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு சிறிய உருவம். பஸ் குலுங்கித் திரும்பியது. எமில்டா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.