தீ மிதித்த சாப்பாட்டுக் கடை

1903ஆம் வருடத் தீமிதியில், காப்புக் கட்டிய பக்தர்கள் எல்லோரும் இறங்கி முடித்த பிறகு, தங்க வயலின் கோரமண்டல் கடைத்தெருவிலிருந்த கிருஷ்ணம்மாவின் சாப்பாட்டுக் கடை அக்னி குண்டத்தில் இறங்கி நடந்து அந்தப் பக்கம் கரையேறியது. அப்போது உள்ளே சம்பங்கி என்ற சுரங்கத் தொழிலாளியும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் சிந்தவில்லை. ரசம் கொஞ்சம் தளும்பியதாகச் சம்பங்கி சொன்னான், ஆனால் அவன் கல்யாண வீட்டிலேயே உப்பு இல்லை என்கிற ஆள். கரையேறிய கடை தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டது.

இதற்குக் காரணம் கோடைக்காலம்தான். அன்றைக்குத் தங்க வயலில் கடை என்றால் மூங்கில் கால், தட்டிச் சுவர், புல் கூரை. சுற்றியுள்ள குன்றுகளில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, காற்றும் இந்தப் பக்கம் திரும்பினால், தீ நேரே கடைத்தெருவுக்குள் வந்துவிடும். வியாபாரிகள் ஆளுக்கொரு ஏற்பாடு செய்தார்கள். வசதியுள்ளவர்கள் தகரக் கூரை போட்டு, தீ வருவதற்கு முன்பே உள்ளே வெந்துபோனார்கள். சிலர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அது சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்த கிருஷ்ணம்மாவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை. அவள் நேராக யோசித்தாள். காப்புக் கட்டி விரதம் இருந்தால் மனுஷன் காலை நெருப்பு சுடுவதில்லை; மூங்கில் காலை மட்டும் எதற்குச் சுடப்போகிறது? பூசாரியை நச்சரித்து, கடையின் நடுக்காலில் மஞ்சள் கயிறு கட்ட வைத்தாள். அன்று முதல் கடைக்குள் கவிச்சி நுழையவில்லை.

தீமிதி முடிந்ததும் பக்தர்கள் காப்பை அவிழ்த்துவிட்டு ஆட்டுக்கறிக்குப் பறந்தார்கள். கிருஷ்ணம்மா மட்டும் கடையின் காப்பை அவிழ்க்க விடவில்லை. மழை விழும் வரை இருக்கட்டும் என்றாள். பூசாரிக்கு அது முறையாகப் படவில்லை, ஆனால் பிள்ளைகுட்டி இல்லாத கடை இன்னும் கொஞ்ச நாள் விரதம் இருப்பதில் தோஷமில்லை என்று ஒப்புக்கொண்டார். வாடிக்கைக்காரர்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. பாறைக்கு அடியில் ஷிப்ட் முடித்து மேலே வருகிறவனுக்கு நாள் தவறாமல் கத்திரிக்காய் போட்டால் எப்படி? சம்பங்கி முகத்துக்கு நேராகவே கேட்டான்: “கட வெரதம் இருக்குது, சரி. எங்க வயிறு இன்னா பாவம் பண்ணிச்சி?” அவனும் மற்றவர்களும் எதிர்ச் சாரியில் ஏசுபாதமும் அவன் மனைவி இசபெல்லாவும் நடத்திய கறிக்கடைக்கு மாறினார்கள். கிருஷ்ணம்மா பொங்கிய சோறு பாதி மிஞ்சியது. தீயில் போகாத கடை இப்படியே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. ஆனாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

சம்பள நாளன்று மத்தியானம் காற்று திரும்பியது. குன்றிலிருந்து இறங்கிய தீ தெருவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கிருஷ்ணம்மாவின் கடைக்குள் புகுந்தார்கள். முதல் ஆள் சம்பங்கி. கடைசியாக ஏசுபாதமும் இசபெல்லாவும் வந்தார்கள். அவர்கள் கடை எரிந்துகொண்டிருந்தது. மிஞ்சியது இசபெல்லா கட்டிப் பிடித்திருந்த கறிக் குண்டான் ஒன்றுதான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கவிச்சி உள்ளே வந்தால் விரதம் போச்சு, எல்லோரும் சாம்பல்தான், குண்டானைப் போட்டுவிட்டு வரச் சொல் என்று உள்ளேயிருந்தவர்கள் கத்தினார்கள். இசபெல்லா அதை விடுவதாக இல்லை. மாட்டுவண்டியில் தங்க வயலுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் பட்ட பாடெல்லாம் அந்தக் குண்டானில்தான் இருந்தது.

“உங்க கடைக்கு ஆவாதுக்கா. நான் இப்டியே நின்னுக்கறேன்” என்றாள்.

கிருஷ்ணம்மா நடுக்காலை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

“கட போனா வேற கட்டிக்கலாம். குண்டானோட உள்ள வா, இசபெல்லா.”

குண்டான் வாசலைத் தாண்டியதும் மஞ்சள் கயிறு தானாக அவிழ்ந்து விழுந்தது. கூரை ஓரம் புகைந்தது. அப்போது, விரதம் முறிந்த கடை, விரதம் இல்லாத யாரும் தீயைக் கண்டால் செய்வதைச் செய்தது: கால்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. உள்ளே இருந்தவர்களும் கூரையை விட்டு விலகாமல் கூடவே ஓடினார்கள். எரிகிற தட்டிகளை முட்டித் தள்ளி, தெருவைக் கடந்து, சயனைடு மண்மேட்டின் அடியில் போய்த்தான் கடை நின்றது. தங்கம் எடுத்த பின் கொட்டிய மண் அது. ஒரு புல்லும் முளைக்காது, ஆகவே தீ அங்கே வரவில்லை. ஒருவருக்கும் ஒரு கொப்புளம் இல்லை. கடைதான் வெகுநேரம் மூச்சு வாங்கியது.

அன்று கிருஷ்ணம்மாவின் சோற்றுக்கு இசபெல்லாவின் கறியை ஊற்றி அத்தனை பேருக்கும் போட்டார்கள். சம்பங்கி காரம் போதாது என்றான். கிருஷ்ணம்மா கரி படிந்த மூங்கில் காலைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள்.

“நிக்க வெச்சே காப்பாத்தணும்னு நெனச்சிக்கினு இருந்தேனே” என்றாள்.

அதன் பிறகு அவளும் இசபெல்லாவும் சேர்ந்து அந்த ஒரே கடையை நடத்தினார்கள். எரிந்த தெருக்காரர்கள் அதைச் சுற்றியே புதுக் கடைகள் போட்டார்கள். எந்தக் கடைக்கும் குழி தோண்டிக் கால் நடவில்லை. தட்டைக் கல்லின்மேல் சும்மா நிறுத்தினார்கள். கோடையில் வெளியூர் ஆள் வந்து இங்கே ஒரு கடை இருந்ததே என்று கேட்டால், காலையில் இருந்தது, காற்று அடங்கினால் வந்துவிடும், உட்காருங்க என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.