ஆறவிட்டுச் சிவந்த மணி

செட்டிகுளத்தில் ராக்காயியின் கொட்டிலுக்கு வந்த ஜவாஹிர் நானா, கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று உட்காரக்கூட இல்லை. தான் வாங்கிக் கொடுத்த கண்ணாடிக் குச்சிகளைச் சாக்கில் சுற்றத் தொடங்கிவிட்டார்.

"கொழும்புல ஏமாத்திப்போட்டான் புள்ள. குச்சி சிவப்பு, உருக்கி மணி செஞ்சா பச்சத்தண்ணி. சாயம் பூசின சாமான். திருப்பிக் குடுத்துட்டு வேற தொழில் பாப்பம்."

வேற தொழில் நானாவுக்கு இருந்தது, கடை வைத்திருந்தார். ராக்காயிக்கு இருந்தது அடுத்தவன் வயலில் குனிந்து புல்லுப் பிடுங்குவது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் அடிவாங்கி ஓடிவந்த நாள் முதல் குனிந்தவள்தான். கண்ணாடி உருக்கி மணி செய்ய இந்த விளக்கடியில் உட்கார்ந்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. இனி அது வளையாது.

"குச்சிய வைங்க நானா."

நேற்று ஆறப் போட்ட மணிகளை உமிச் சாம்பலிலிருந்து கிளறி எடுத்தாள். எல்லாம் நிறமற்றுக் கிடந்தன. கங்கு அணையாத மூலையில் கிடந்த ஒன்று மட்டும் கொவ்வைப்பழமாகச் சிவந்திருந்தது.

நானா கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "இது பழசு."

"நம்மகிட்ட சிவப்பு எப்ப இருந்திச்சு? ஆறின மணி திரும்பச் சூடு கண்டா நெறம் எடுக்குது. இப்பவே காட்டுறேன், துருத்திய மிதிங்க."

"ஆரு, நானோ?"

"மிதிக்கிற எம் புருஷன் வயல்ல நிக்கிறாரு. பின்ன, ஒங்க சட்டையா வந்து மிதிக்கும்?"

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். விளக்குச் சுவாலை சீறியது. களிமண் பூசிய கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி உருட்டினாள். சிவப்பு ஓடிப்போனது.

"பாத்தியா!" அவர் கால் நின்றது.

"கால் நிக்கப்படாது!"

மணியை வெளியே எடுத்து, தணல் நிறம் அடங்கும்வரை கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். றோட்டில் ஹோர்ன் கேட்டது.

"பஸ் புள்ள!"

அவள் நிமிரவில்லை. சுவாலையின் நுனியில் மணியைக் காட்டினாள். மஞ்சள் தட்டியது. பிறகு செம்மஞ்சள். பிறகு, அடுப்பில் ஊதிய கொள்ளிபோல, சிவப்பு.

"யா அல்லாஹ்!" நானா துள்ளி மிதித்தார். சுவாலை பாய்ந்தது. மணி காய்ந்த ஈரலாகக் கறுத்தது.

"போச்சு," என்றார் வாடிப்போய்.

"எங்க போச்சு? வந்தத ஒங்க கண்ணால பாத்தீங்கதானே. கறுத்தது ஒங்க கால் அவசரம். மெதுவா மிதிங்க."

கேட்காமலே சாக்கைப் பிரித்து அடுத்த குச்சியை உருவினாள். பஸ் மதகைத் தாண்டி இரைந்து போனது. நானா சட்டையைக் கழற்றிக் கொட்டிலின் கப்புத் தூணில் கொழுவிவிட்டு, துருத்தியில் மறுபடி காலை வைத்தார்.